காப்பீட்டு அட்டையை நம்பி ஓவர்டிராஃப்ட் எடுக்கலாமா?

கேள்வி: ஓசூரில் நானும் கணவரும் 30 படுக்கை மருத்துவமனை நடத்துகிறோம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரப் போகிறோம். மாதம் 6 லட்சம் ரூபாய்க்கு கிளைம் இருக்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறோம். பணம் வர நாளாகும் என்பதால் 20 லட்சத்துக்கு ஓ.டி. (ஓவர்டிராஃப்ட், அதாவது வங்கிக் கணக்கில் இருப்பதைவிட அதிகமாக எடுத்துக்கொள்ளும் கடன் வரம்பு) வாங்கிவிடச் சொல்கிறார் கணக்காளர். வாங்கலாமா?

பதில்: ஓ.டி. என்றாலே உங்களுக்கு ஆபரேஷன் தியேட்டர்தான் நினைவுக்கு வரும். வங்கி ஓ.டி.யைவிட தியேட்டருக்குள் நடப்பதுதான் இங்கே முக்கியமும்கூட.

இந்தத் திட்டம் 2018 முதல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்தோடு இணைந்து நடக்கிறது. அதன் தேசிய வழிகாட்டுதல்படி உள்மாநிலக் கிளைம்களை 15 நாளிலும், வெளிமாநில நோயாளிகளின் கிளைம்களை 30 நாளிலும் தீர்க்க வேண்டும். எல்லையில் இருக்கிறீர்கள், கர்நாடக அட்டையோடும் ஆள் வருவார்கள். ஒரு ஆவணம் குறைந்து கேள்வி வந்துவிட்டால், நீங்கள் பதில் தரும்வரை பணம் நகராது. அதனால் நான் இரண்டு மூன்று மாதம் என்றே வைத்துக்கொள்வேன்.

அதற்காக முழு 6 லட்சத்துக்கும் கடன் தேவையில்லை. நர்ஸ் சம்பளமும் கட்டட வாடகையும் இந்த நோயாளிகள் வராவிட்டாலும் போகிற செலவு. புதிதாகக் கையை விட்டுப் போவது மருந்து, இம்ப்ளான்ட் (உடலுக்குள் பொருத்தும் கருவி), வெளியிலிருந்து வரும் சர்ஜன் ஃபீஸ். அது பாதி என்றால் மாதம் 3 லட்சம், மூன்று மாதத்துக்கு 9 லட்சம். 10 லட்சத்துக்கு மேல் வரம்பு வாங்காதீர்கள். இருந்தால் எடுக்கத்தான் தோன்றும்.

கணக்காளர் சொல்லாமல் விட்டது டிடிஎஸ், அதாவது பணம் தரும்போதே பிடித்துக்கொள்ளும் வருமான வரி. கிளைம் தொகையில் 10% பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். வருடத்துக்கு 72 லட்சம் என்றால் 7.2 லட்சம். உங்கள் லாபம் 15%, வரி 30% என்றே வைத்தாலும் உண்மையான வரி 3.24 லட்சம்தான். மீதி ஏறக்குறைய 4 லட்சம் ரீஃபண்ட் வரும்வரை சும்மா கிடக்கும். குறைந்த விகிதத்தில் பிடிக்கச் சொல்லும் சான்றிதழுக்கு வருமான வரித்துறையில் இப்போதே விண்ணப்பியுங்கள். வட்டி கட்டிக் கடன் வாங்குவதைவிட இது மலிவு.

சேருவதற்கு முன் ஒரு வேலை. அதிகம் செய்யப்போகிற பத்து சிகிச்சைகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் உங்கள் அசல் செலவை பேக்கேஜ் விலையோடு, அதாவது அந்தச் சிகிச்சைக்குத் திட்டம் தரும் மொத்தத் தொகையோடு, ஒப்பிடுங்கள். தேசிய விதியில் நோயாளியை மருத்துவமனையில் சேர்ப்பதற்கு 3 நாள் முந்தைய பரிசோதனையும், டிஸ்சார்ஜுக்குப் பின் 15 நாள் மருந்தும் பேக்கேஜுக்குள்ளேயே அடக்கம். இதை மறந்து கணக்குப் போடுகிறவர்கள்தான் அதிகம். துண்டு விழுந்தால் நோயாளியிடம் “கொஞ்சம் போட்டுக் கொடுங்கள்” என்று கேட்க முடியாது. பேக்கேஜுக்கு உட்பட்டதற்கு ஒரு ரூபாய் வாங்கினாலும் விதிமீறல், பட்டியலிலிருந்தே நீக்கலாம்.

அப்புறம், கிளைமுக்கென்று தனி ஆள் ஒருவரைப் போடுங்கள். ரிசப்ஷனில் இருக்கும் பெண்ணின் தலையில் இதையும் கட்டாதீர்கள். முன் அனுமதி, டிஸ்சார்ஜ் சம்மரி, இம்ப்ளான்ட் ஸ்டிக்கர் எல்லாம் நோயாளி வீட்டுக்குக் கிளம்பும் அன்றே பதிவேற்றப்பட வேண்டும். ஸ்டிக்கர் குப்பைக்குப் போய்விட்டால் தேடி எடுக்க முடியாது.