கொட்டில் கூரையில் ஒரு நீல வட்டம்

தெல்லிப்பளையில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்பப்பா காலத்து மாட்டுக்கொட்டிலைப் பிரித்தபோது கூரையில் ஒரு அலுமினியத் தகடு இருந்ததாம், ஓரமெல்லாம் ரிவெட் துளை, நடுவில் மங்கிப்போன நீல வட்டம். பலாலியில் நின்ற விமானத்தின் தகடு என்பது வீட்டுக் கதை. கராஜில் கொடுத்து, எமரி போட்டுத் தேய்த்து, வட்டத்தைப் புதிதாக அடித்துச் சுவரில் மாட்டலாமா?

வேண்டாம் தம்பி.

பலாலி ஓடுபாதை இரண்டாம் உலகப்போரில் பிரித்தானிய விமானப்படை போட்டது, 1945இல் லிபரேற்றர் விமானங்கள் அங்கிருந்து பறந்தன. அவர்கள் விமானங்களில் அடையாளமாகத் தீட்டிய வழமையான வட்டத்தில் நடுவே சிவப்பு இருக்கும். ஜப்பானோடு சண்டை நடந்த ஆசியப் பக்கத்தில் மட்டும் ஜப்பானியரின் சிவப்பு வட்டம் என்று நினைத்துச் சொந்த ஆட்களே சுட்டுவிடக்கூடாது என்பதற்காகச் சிவப்பை எடுத்துவிட்டுக் கடும் நீலமும் வெளிர்நீலமுமாக மாற்றினார்கள், சிவப்போடு வந்த விமானங்களில் அதன்மேலேயே பூசி மறைத்தார்கள். வீட்டுக் கதையை மட்டும் நம்பிவிட முடியாது, ஆனால் உங்கள் வட்டத்தில் இரண்டு நீலம் தெரிந்தால் அது நல்ல அறிகுறி. அடியில் சிவப்பு இருந்தால் எமரி நீலத்தையும் சிவப்பையும் சேர்த்தே வழித்துவிடும். அடிப்பூச்சு மஞ்சள் கலந்த பச்சையாக இருந்தால் அது சிங்க் குரோமேற்றாக இருக்கலாம், அந்தத் தூள் நெஞ்சுக்குள் போவது புற்றுநோய் வரை கொண்டுபோகும்.

முதலில் படம் எடுங்கள். இரவில் லைற்றை அணைத்துவிட்டு ரோச்சைத் தகட்டோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால், பகலில் தெரியாத தூரிகைக் கோடும் பழைய வட்டத்தின் விளிம்பும் மேடாக எழும்பி நிற்கும். பக்கத்தில் ஒரு அடிமட்டம் வையுங்கள். பின்பக்கத்தையும் பாருங்கள், அச்சிட்ட எண் ஏதும் இருந்தால் வட்டத்தைவிட அதுதான் சாட்சி.

அப்புறம் மெல்லிய தூரிகையால் தூசியைத் தட்டி, காய்ச்சி வடித்த நீரில் நனைத்த பஞ்சை ஒரு மூலையில் உருட்டிப் பாருங்கள். தேய்க்க வேண்டாம். பஞ்சில் நிறம் ஏறினால் அத்தோடு நிறுத்துங்கள். தின்னர், மண்ணெண்ணெய் கிட்டவும் வரக்கூடாது. தேங்காய் எண்ணெய் பூசினால் இரண்டு நாள் பளபளக்கும், பிறகு ஊர்ப் புழுதியெல்லாம் அதில்தான்.

லண்டன் விமானப்படை அருங்காட்சியகத்தில் ஒரு ஹலிபக்ஸ் குண்டுவீச்சு விமானம் நிற்கிறது, 1973இல் நோர்வே ஏரியிலிருந்து தூக்கியது. பெரும்பாலும் தூக்கிய கோலத்திலேயே வைத்திருக்கிறார்கள்.

புத்தம்புது வட்டம்தான் ஆசையென்றால், தெளிந்த பிளாஸ்ரிக் தாளில் பிரதி எடுத்து வேறொரு தகட்டில் அடியுங்கள். பழசை வெயில் படாத உள்சுவரில், இரும்பு ஆணி நேரே படாமல் றப்பர் வைத்து மாட்டுங்கள், நம்முடைய உப்புக்காற்றுக்கு இரும்பு தொட்ட இடத்தில் அலுமினியம் பொரிந்துவிடும். கொட்டிலைக் கிண்டும்போது உருளையாகவோ வால் வைத்ததாகவோ ஏதும் வந்தால் மட்டும், அது வெடிக்காத குண்டாக இருக்கலாம், கை வைக்காமல் பொலிசுக்குச் சொல்லுங்கள்.