கரும்பு ஜீனோம்: இன்னும் ரீடு வாங்கலாமா?

கேள்வி: பயிர் இனப்பெருக்கத்தில் எம்.எஸ்சி. படிக்கிறேன். கோ 86032 ரகக் கரும்பின் டிஎன்ஏவை 150 எழுத்து ரீடுகளாக, அதாவது சிறு துண்டுகளாகப் படித்து, அவற்றை ஒட்டி ஜீனோமை (முழு டிஎன்ஏ வரிசையை) உருவாக்கும் அசெம்பிளி ஓட்டினால் லட்சக்கணக்கில் சில்லுசில்லாக வருகிறது. செவ்வழுகல் நோயைத் தாங்கும் மரபணுவைத் தேடுவதுதான் நோக்கம். இன்னும் கொஞ்சம் காசு போட்டு ரீடு வாங்கட்டுமா?

வாங்காதீர்கள். அதே ரீடை இரண்டு மடங்கு வாங்கினாலும் சில்லுதான் வரும். நெல்லுக்கு சுமார் 39 கோடி எழுத்து, ஒவ்வொரு குரோமோசோமும் இரண்டே பிரதி, அதனால் 2005-லேயே வேலை முடிந்துவிட்டது. இன்றைய கரும்போ தடித்த கரும்பும் நாணலும் கலந்து பிறந்தது (அந்தக் கலப்பில் பேர்வாங்கிய கோ 205 நம் கோயம்புத்தூரில் பிறந்தது, 1918-ல் வெளியானது), நூற்றுச் சொச்சம் குரோமோசோம், ஏறக்குறைய 1,000 கோடி எழுத்து, ஒரே மரபணுவுக்கே பத்துப் பன்னிரண்டு பிரதி வரை இருக்கும். அந்தப் பிரதிகள் ஆங்காங்கே ஓர் எழுத்தில்தான் மாறும் என்றால், 150 எழுத்துத் துண்டு எதிலிருந்து வந்தது என்று மென்பொருளுக்கு எப்படித் தெரியும்? ரீயூனியன் தீவின் ஆர்570 ரகத்தின் ஜீனோம் 2024-ல்தான் வெளிவந்தது, அதுவும் நீள ரீடுகளின் தயவில்.

கையிலிருக்கும் ரீடு வீணில்லை, அதை ஆர்570 மேல் பொருத்திப் பாருங்கள். ஆனால் வேறுபாடு தேடும் மென்பொருள் பெரும்பாலும் இரண்டு பிரதி என்றே எடுத்துக்கொள்ளும், அதை மாற்றாவிட்டால் எல்லாம் குளறுபடிதான். பன்னிரண்டில் ஒரு பிரதியில் மட்டும் இருக்கும் மாற்றம், அந்த இடத்தில் விழுந்த 24 ரீடில் இரண்டில்தான் தெரியும், அது நிஜமா பிழையா என்று யாராலும் சொல்ல முடியாது. அப்புறம், உங்கள் ரகத்தில் மட்டும் இருக்கும் மரபணு ஆர்570-இல் இல்லாமலே போகலாம்.

சரி, செவ்வழுகலுக்கு வருவோம். ஒரே ரகத்தை எவ்வளவு ஆழமாகப் படித்தாலும் எந்த மரபணு நோயைத் தாங்குகிறது என்று அது சொல்லாது. நோய் தாங்கும் செடிகளில் எந்த டிஎன்ஏ மாற்றம் சேர்ந்தே வருகிறது என்று பார்க்க, தாங்கும் ரகத்தையும் தாங்காத ரகத்தையும் கலந்த சந்ததி வேண்டும். புதிதாகக் கலப்பு செய்ய உங்கள் படிப்புக் காலம் போதாது, துறையில் ஏற்கனவே வளர்த்த சந்ததி இருக்கிறதா என்று வழிகாட்டியிடம் கேளுங்கள். மிச்சக் காசில் அத்தனை செடிகளிலும் ஜீனோமின் ஒரு பகுதியை மட்டும் படித்து, ஒரு பெற்றோரில் ஒரே பிரதியில் இருந்து சந்ததியில் பாதிக்குப் பாதி பிரியும் குறியீடுகளை (அடையாளமாக உதவும் டிஎன்ஏ மாற்றங்களை) மட்டும் எடுங்கள், அவைதான் கணக்குக்கு அடங்கும்.

டிஎன்ஏவுக்கு விரியாத குருத்தை எடுங்கள். முற்றிய தோகையில் எடுத்தால் பிசுபிசுப்பும் பழுப்பு நிறமும்தான் மிஞ்சும்.