முதுசம் வீட்டைத் திருத்துமுன் உறுதியைத் திருத்துங்கள்

கேள்வி: இலங்கையின் வன்னியிலுள்ள ஒட்டுசுட்டானுக்கு அருகே எங்கள் பூட்டனார் 1890களில் கட்டிய நாற்சார் வீடும், கேணியும் பலாமரங்களும் உள்ள வளவும் இருக்கின்றன. போரில் கூரை போய்விட்டது. வீட்டையும் பூந்தோட்டத்தையும் முன்பிருந்தவாறே அமைக்க விரும்புகிறேன். உறுதி (காணி உரிமைப் பத்திரம்) பாட்டனார் பெயரில் உள்ளது. மூலப்பிரதி இடம்பெயர்வில் தொலைந்தது. சகோதரர் இருவர் கனடாவில்; சித்தப்பாவின் மகன் பின்வளவில் குடியிருக்கிறார். வேலையைத் தொடங்கினால் தொல்லியல் திணைக்களம் காணியை எடுத்துவிடும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: நீங்கள் திணைக்களத்துக்கு அஞ்சுகிறீர்கள், நானோ உங்கள் உறுதியை எண்ணி அஞ்சுகிறேன். பாட்டனாரின் வாரிசுகள் அனைவரும் இன்று அவ்வளவின் பிரிபடாத பங்காளிகள், அதாவது பிரிக்கப்படாத முழுக் காணியிலும் ஆளுக்கொரு பங்குக்கு உரியவர்கள். பழுதுபார்க்க ஒரு பங்காளிக்கு உரிமை உண்டெனினும், எவ்வளவு பணம் செலவிட்டாலும் வீடு அவருக்கு மட்டும் உரியதாகிவிடாது. மற்றவர் பாகப்பிரிவினை வழக்குத் தொடுத்தால், திருத்தத்துக்கான நட்டஈட்டை நீங்கள் நிரூபித்துக் கேட்க வேண்டியிருக்கும். அதேபோல், சித்தப்பாவின் மகன் பத்து ஆண்டுகளுக்கு மேலாகக் குடியிருக்கிறார் என்பதனால் மட்டும் 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி ஆட்சியுரிமை (நீண்டகாலம் ஆண்டு அனுபவித்ததால் வரும் உரித்து) பெற்றுவிடவில்லை. மற்றப் பங்காளிகளின் உரிமையை வெளிப்படையாக மறுத்து ஆண்டிருக்க வேண்டுமென்பது 1911இன் கொரியா எதிர் அப்புஹாமி வழக்கிலிருந்து நிலைத்த விதி.

ஆகவே முதலில் காணிப் பதிவகத்துக்குச் செல்லுங்கள். நொத்தாரிசு (உறுதி எழுதிச் சான்றளிப்பவர்) தாம் அத்தாட்சிப்படுத்தும் உறுதிகளின் இணைப்பிரதியை அங்கு அனுப்பிவைப்பது சட்டக் கடமை. அதிலிருந்து சான்றுப்படுத்திய பிரதி பெறலாம். பின்னர் உரிமம்பெற்ற நில அளவையாளரைக் கொண்டு வரைபடம் தயாரித்து, வீடு உங்களுக்கும் பின்வளவு சித்தப்பாவின் மகனுக்கும் சேருமாறு இணக்கப் பிரிவினை உறுதி எழுதுங்கள். கனடாவிலுள்ள சகோதரர்கள் அற்றோணித் தத்துவம் (தம் சார்பில் ஒப்பமிட இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) மூலம் ஒப்பமிடலாம். தொலைபேசியில் ‘அண்ணா, நீங்கள் கட்டுங்கோ’ என்று அவர்கள் சொன்னது அன்புதான். ஆனால் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம் காணி உரித்துக்கு நொத்தாரிசு உறுதியைக் கேட்கிறது.

தொல்லியலைப் பொறுத்தவரை, 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் புராதன நினைவுச்சின்னத்துக்கு வைத்திருக்கும் எல்லை 1815 மார்ச் 2. உங்கள் வீடு அதற்குப் பிந்தியது. வர்த்தமானியில் பாதுகாக்கப்பட்டதாக அறிவிக்கப்படாதவரை அதைத் திருத்தத் தொல்லியல் பணிப்பாளர் நாயகத்தின் அனுமதி வேண்டியதில்லை. அத்தகைய அறிவித்தல் இல்லை என்பதைத் திணைக்களத்திடம் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். கேணியைத் தூர்வாரும்போது செதுக்குக்கல்லோ பழைய செங்கற்கட்டோ தென்பட்டால், வன்னி மண்ணில் அது அரிதன்று, உடனே வேலையை நிறுத்தி கிராம உத்தியோகத்தருக்கு அறிவியுங்கள். காணி உங்களுடையதாயினும் மண்ணுக்குள் கிடைக்கும் தொல்பொருள் அரசுக்கே உரியது.

பலாமரத்தையும் பெண்பனையையும் 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி அனுமதியின்றித் தறிக்க முடியாது; பிரதேச செயலகத்தில் விண்ணப்பியுங்கள். கூரை மாற்றத்துக்கும் புதுச் சுவருக்கும் பிரதேச சபையின் கட்டட அனுமதி தேவைப்படும். அந்த விண்ணப்பத்திலும் உரித்துச் சான்றை முதலில் கேட்பார்கள்.