அட்டிலாவுக்கும் கீழே ஒரு முகஸ்துதிக்காரன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இத்தாலியக் கவிஞர் தாந்தே தான் மறுவுலகங்களைச் சுற்றிவருவதாக எழுதிய ‘டிவைன் காமெடி’யில் நரகப் பகுதியை மட்டும் படித்து முடித்திருக்கிறேன். கவித்துவம் பிடிபடுகிறது, கணக்கு பிடிபடவில்லை. கீழே இறங்க இறங்கப் பாவம் பெரிதாகும் ஒன்பது வட்டங்கள் அந்த நரகம். ஊர் ஊராகக் கொன்று குவித்த ஹூணர் அரசன் அட்டிலா ஏழாம் வட்டத்தில், கொதிக்கும் ரத்த ஆற்றில் கிடக்கிறான். யாருக்கோ ஜால்ரா போட்டுப் பிழைத்தவன் அதற்கும் கீழே, எட்டாம் வட்டத்தில் மலக்குழியில் கிடக்கிறான். கொலையைவிட முகஸ்துதி பெரிய பாவமா? ‘நெருக்கடியில் நடுநிலை வகிப்பவர்களுக்கே நரகத்தின் மிகச் சூடான இடம்’ என்று தாந்தே சொன்னதாக எல்லோரும் பகிர்கிறார்கள். அந்த வரியும் என் கண்ணில் படவில்லை. நரகத்தை நம்பாத, கிறிஸ்தவனும் அல்லாத நான் 700 வருடப் பழைய இந்தக் கவிஞனிடம் எதைத் தேடுவது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கண்ணில் படாததற்குக் காரணம், அந்த வரி அங்கே இல்லை. ஜான் எஃப். கென்னடி தன் உரைகளில் தாந்தேயின் பெயரோடு சொல்லப்போய்ப் பரவியது அது. மூன்றாம் காண்டத்து நடுநிலைக்காரர்கள் நரகத்தின் எல்லையான அக்கரோன் ஆற்றுக்கு இக்கரையிலேயே நிறுத்தப்பட்டவர்கள். சொர்க்கம் துரத்துகிறது, நரகமும் ஏற்கவில்லை. குளவிகள் கொட்டக் கொட்ட ஒரு கொடியின் பின்னால் ஓடுகிறார்கள். நரகத்தின் அடியாழத்திலோ சூடே கிடையாது. சாத்தானின் சிறகடிப்பில் உறைந்துபோன ஏரி அது. அதில் புதைந்திருப்பவர்கள் துரோகிகள்.

உங்கள் கணக்குக்கான சூத்திரம் 11ஆம் காண்டத்தில் இருக்கிறது. கீழிருந்து வரும் நாற்றத்துக்கு மூக்கு பழகட்டும் என்று ஒரு கல்லறை மூடியின் மறைவில் தாந்தேயும் அவருக்கு வழிகாட்டும் ரோமானியக் கவிஞர் வர்ஜிலும் ஒதுங்கும்போது வர்ஜில் பாடம் எடுக்கிறார். காமம், பெருந்தீனி போன்ற கட்டுப்பாடின்மைகள் மேலே. வன்முறை நடுவில். அதற்கும் கீழே வஞ்சகம். அது மனிதனுக்கே உரிய தீமை, அதனாலேயே கடவுளுக்கு அதிக வெறுப்பு என்கிறார். ரோமானியப் பேச்சாளர் சிசரோ வன்முறையைச் சிங்கத்துக்கும் வஞ்சகத்தை நரிக்கும் உரியதாகச் சொன்னார். தாந்தே இந்த இடத்தில் வஞ்சகத்தை நரியிடமிருந்து பிடுங்கி மனிதன் கையிலேயே கொடுத்துவிடுகிறார். நம்பாதவனை ஏமாற்றினால் எட்டாம் வட்டம், நம்பியவனை ஏமாற்றினால் ஒன்பதாம் வட்டத்துப் பனி.

இதை ஒரு இறையியல் கணக்காக மட்டும் பார்க்க எனக்கு முடிவதில்லை. தாந்தே ஃபிளாரன்ஸ்காரர். 1252 முதல் அந்த நகரம் அடித்த ஃபுளோரின் என்ற தங்க நாணயத்தை ஐரோப்பிய வணிகர்கள் நம்பி வாங்கினார்கள். 24 காரட், ஒரு பக்கம் லில்லிப் பூ, மறுபக்கம் திருமுழுக்கு யோவான். 30ஆம் காண்டத்தில் ஆதாமோ என்ற கள்ள நாணயக்காரன் வருகிறான். ரோமேனா பிரபுக்கள் தூண்ட, ஃபுளோரினில் மூன்று காரட் கசடு கலந்ததற்காக எரிக்கப்பட்டவன். உடலில் நீர் தேங்கும் நோயில் வயிறு பானையாய் வீங்கிக் கிடக்கிறான். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, ஆனால் காசென்டீனோ மலைகளிலிருந்து ஆர்னோ நதிக்கு இறங்கும் ஓடைகள் கண்முன் ஓடிக்கொண்டே இருக்கின்றன. அப்போதும் அந்தப் பிரபுக்களை இங்கே பார்க்க முடிந்தால் ஃபோன்தே பிராந்தா ஊற்றையே விட்டுக்கொடுப்பேன் என்கிறான்! நரகப் பகுதியில் எனக்கு மிகவும் பிடித்த மனிதன் இவன்தான்.

முகஸ்துதிக்காரனும் இதே தொழில்தான் செய்கிறான், நாணயத்துக்குப் பதில் சொல்லில். புகழ்ச்சி கலப்படமாகிவிட்டால் உண்மையான பாராட்டையும் யாரும் நம்ப மாட்டார்கள். அட்டிலாக்களும் தனியாக வளர்வதில்லை, பக்கத்தில் நின்று ‘ஆஹா’ போட ஆட்கள் வேண்டும். இது தாந்தே சொன்னதல்ல, நான் சேர்ப்பது.

எட்டாம் வட்டத்துக்கு இருவரையும் சுமந்து இறக்கும் கெரியோன் என்ற அரக்கனை மறுபடி வாசித்துப் பாருங்கள். முகம் நேர்மையான மனிதனுடையது, உடல் பாம்பு, வாலில் தேள்கொடுக்கு. போலீஸ் சீருடையில் வீடியோ அழைப்பில் வந்து ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று மிரட்டி முதியவர்களின் சேமிப்பைச் சுருட்டுகிறார்களே, அவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான படம் எனக்குக் கிடைக்கவில்லை.

இன்னொன்று. 1302இல் தாந்தே நாடுகடத்தப்பட்டபோது சுமத்தப்பட்ட குற்றம், பதவியில் இருந்து லஞ்சம் வாங்கினார் என்பது. எதிர்க்கட்சி ஆட்சியைப் பிடித்ததும் போட்ட வழக்கு. பிடிபட்டால் உயிரோடு எரிக்க வேண்டும் என்று அடுத்த தீர்ப்பும் வந்தது. அவர் நரகத்தில் லஞ்சக்காரர்கள் கொதிக்கும் தாரில் வேகிறார்கள். அங்கே மட்டும் வர்ஜில் அவரைப் பாறைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளச் சொல்கிறார். இதில் ஒரு குறும்புச் சிரிப்பு இருப்பதாகவே நினைக்கிறேன்.

அதற்காக இந்த வரிசையை முழுக்க ஏற்கிறேன் என்றில்லை. வெட்டுப்பட்டவன் பக்கம் நின்று பார்த்தால் அட்டிலா மேலே இருப்பது எனக்கும் உறுத்துகிறது. தான் நேசித்த ஆசான் புருனெட்டோ லத்தீனியை நெருப்பு மழையில் ஓடவிட்டதையும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

கிறிஸ்தவன் அல்லாத நான் ஏன் படிக்க வேண்டும் என்கிறீர்கள். சொர்க்கப் பகுதியின் 19ஆம் காண்டத்துக்குப் போங்கள். சிந்து நதிக்கரையில் ஒருவன் பிறக்கிறான், கிறிஸ்துவைப் பற்றிச் சொல்ல அங்கே யாருமில்லை, அவன் வாழ்வில் குற்றமும் இல்லை, அவனைத் தண்டிப்பது என்ன நீதி? தாந்தேயை நெடுநாள் அரித்த கேள்வி இது. நீதிமான்களின் ஒளிகள் சேர்ந்து உருவான கழுகு, சாண் தூரம் தெரியாத கண்ணை வைத்துக்கொண்டு ஆயிரம் மைலுக்கு அப்பால் தீர்ப்புச் சொல்ல நீ யார் என்று முதலில் அதட்டுகிறது. பிறகு, ‘கிறிஸ்து, கிறிஸ்து’ என்று கூவுகிறவர்களில் பலர் இறுதித் தீர்ப்பு நாளில் அவரை அறியாதவனைவிடத் தொலைவில் நிற்பார்கள் என்கிறது. அடுத்த காண்டத்தில் அதன் கண்ணருகே கிறிஸ்தவர் அல்லாதவர்களாக வாழ்ந்த இருவர் ஒளிர்கிறார்கள்: ரோமானியப் பேரரசன் டிராஜன், டிராய்வீரன் ரிஃபியஸ். ஆனால் வழிகாட்டி வர்ஜிலுக்கு மட்டும் கடைசிவரை இடம் இல்லை. ஏன் என்று யோசித்து எழுதுங்கள்.