மெயின் லைன் வந்த பிறகும் டயல் லைன் இறங்குதில்லையா? டயலர் லிஸ்ட்டைப் பாருங்கோ

கேள்வி: எங்கட ஹெட் ஒபிஸ் புறக்கோட்டையில, ஸ்டோர்ஸ் வத்தளையில. ரெண்டுக்கும் நடுவில லீஸ்ட் லைன் (வாடகைக்கு எடுத்த தனி லைன்), ரூட்டிங் ஓஎஸ்பிஎஃப் (ரவுட்டருகள் தங்களுக்குள்ள வழி சொல்லிக்கொள்ளுற முறை). லைன் விழுந்தால் வத்தளை சிஸ்கோ ரவுட்டர் மொடம் வழியா ஹெட் ஒபிசுக்கு டயல் பண்ணும். பிரச்சினை என்னெண்டால் மெயின் லைன் நல்லா இருக்கேக்கயும் கோல் கட்டாகாமல் நிக்குது, நாங்களா கட் பண்ணினாலும் கொஞ்சத்தில தானா திரும்ப அடிக்குது, டெலிபோன் பில் ஏறிக்கொண்டே போகுது. ஐடில் டைம்அவுட்டை (சும்மா இருக்கிற கோலைக் கட் பண்ணுற நேரம்) 300 செக்கன்ல இருந்து 60க்குக் குறைச்சும் பாத்தாச்சு, ஒரு மாற்றமும் இல்லை.

பதில்: 30க்குக் குறைச்சாலும் இதேதான் நடக்கும். லைன்ல ஒண்டுமே போகாட்டில்தான் ஐடில் டைமர் ஓடும் எண்டு கன பேர் நினைக்கினம், ஆனா ரவுட்டர் பாக்கிறது டயலர் லிஸ்ட்டில (எதுக்கு டயல் பண்ணலாம் எண்டு சொல்லுற லிஸ்ட்) நீங்க பெர்மிட் பண்ணின டிராஃபிக்கை மட்டும்தான், அதில ஒரு பாக்கெட் வெளியில போனாலே டைமர் திரும்ப முதல்ல இருந்து தொடங்கும், கோல் இல்லாட்டில் அதே பாக்கெட்தான் டயலும் பண்ண வைக்கும். உங்கட லிஸ்ட்டில அநேகமா ஐபி முழுக்க பெர்மிட் எண்டு ஒரு வரிதான் இருக்கும். டயலர் இன்டர்ஃபேஸ்லயும் (ரவுட்டர் டயல் பண்ணுற பக்கம்) ஓஎஸ்பிஎஃப் ஓடினால் அது 10 செக்கனுக்கு ஒருக்கா 'நான் இருக்கிறன்' எண்டு சொல்லுற ஹலோ பாக்கெட் அனுப்பும், பிறகு 60 செக்கன் எப்பிடி முடியும்?

கோல் நிக்கேக்க ரவுட்டரில ஷோ டயலர் எண்ட கொமாண்டை அடிச்சு டயல் ரீசன் வரியைப் பாருங்கோ. போற விலாசம் 224.0.0.5 எண்டு இருந்தால் அது ஓஎஸ்பிஎஃப் ஹலோதான், வேற ஒண்டையும் சந்தேகப்படத் தேவையில்லை.

இப்ப அக்சஸ் லிஸ்ட் 101 ஒண்டு எழுதி முதல் வரியில ஓஎஸ்பிஎஃப் டெனை (கணக்கில எடுக்காதே), கடைசி வரியில ஐபி எனி எனி (எங்க இருந்து எங்க போனாலும்) பெர்மிட் போட்டு, டயலர் லிஸ்ட்டை அந்த 101ஓட கட்டுங்கோ. கடைசி பெர்மிட்டை மறந்தால் ஒரு நாளும் டயல் பண்ணாது. இந்த டெனை பாக்கெட்டை மறிக்காது, லைன் மேல இருந்தால் ஹலோ வழமை போல போகும், டயல் பண்ண வைக்கவோ டைமரைத் திருப்பவோ மட்டும் அதால ஏலாது. இது விளங்காமல் பயந்து லிஸ்ட்டைத் தொடாமலே விடுற ஆக்கள் நிறைய.

ஆனா இதோட நிப்பாட்டினால் மெயின் லைன் விழேக்க டயல் பண்ணவே மாட்டுது, ஏனெண்டால் ஓஎஸ்பிஎஃப் ரூட் போன பிறகு ஹெட் ஒபிசுக்கு வழி தெரியாமல் பாக்கெட் டயலர் பக்கமே வராது. அதால ஃப்ளோட்டிங் ஸ்டாட்டிக் ரூட் (மெயின் ரூட் இல்லாட்டில் மட்டும் வேலை செய்யிற, கையால எழுதுற வழி) ஒண்டு டயலர் பக்கம் கட்டாயம் வேணும். ஓஎஸ்பிஎஃப்பிண்ட டிஸ்டன்ஸ் (குறைஞ்ச எண் உள்ள ரூட்டைத்தான் ரவுட்டர் எடுக்கும்) 110, ஸ்டாட்டிக்குக்கு 200 குடுத்தால் மெயின் இருக்கிற வரைக்கும் அது ஒதுங்கி இருக்கும். ஹெட் ஒபிஸ் ரவுட்டரிலயும் வத்தளை நெட்வேர்க்குக்கு அதே மாதிரி ஒண்டு போடுங்கோ, இல்லாட்டில் போன பாக்கெட்டுக்குப் பதில் திரும்பி வராது. இது ரெண்டும் இருந்தால் டயலர்ல ஓஎஸ்பிஎஃப்பே தேவையில்லை, பாசிவ் (ஹலோ அனுப்பாத மாதிரி) ஆக்கிவிடுங்கோ, என்ர விருப்பம் அதுதான்.

ஸ்டோர்ஸ்ல விண்டோஸ் மெஷின் இருந்தால் அது தானா அனுப்புற யூடிபி போர்ட் 137, 138, நேரம் சரிபார்க்கிற என்டிபியிண்ட 123 எல்லாத்தையும் டெனையில சேருங்கோ. மெயின் விழுந்த இரவில ஆள் இல்லாத கடையில லைனைப் பிடிச்சு வைக்கிறது இதுகள்தான்.

டைம்அவுட்டைத் திரும்ப 300 ஆக்குங்கோ. சிஸ்கோவில ஒண்டும் போடாட்டில் 120, ஆனா மொடம் ரெண்டும் ஒண்டோட ஒண்டு கதைச்சு இணையிறதுக்கே நேரம் எடுக்கும், குறைச்சு வச்சால் பில் போடுற ஆள் ஒரு நிமிஷம் யோசிக்கிறதுக்குள்ள லைன் விழுந்து திரும்ப டயல் பண்ணிக்கொண்டிருக்கும். கோல் எடுக்கிற ஹெட் ஒபிஸ் ரவுட்டருக்கும் தனியா ஒரு டைமர் இருக்கு, எந்தப் பக்கத்து டைமர் முதல் முடியுதோ அந்தப் பக்கம் கட் பண்ணும். அங்க டயலர் குரூப் (இன்டர்ஃபேஸை டயலர் லிஸ்ட்டோட கட்டுற வரி) போடாமல் விட்டால் எல்லா டிராஃபிக்கும் கணக்கில வராததாப் போய், வேலை நடந்துகொண்டிருக்கேக்கயே லைன் விழும்.

எல்லாம் முடிய, கடை பூட்டின பிறகு லீஸ்ட் லைன் கேபிளைக் கழட்டி டயல் ஆகுதா பாருங்கோ, திரும்பக் கொழுவி ஷோ டயலர்ல கட்டாக இன்னும் எவ்வளவு நேரம் எண்டு காட்டுற எண் இறங்கிக்கொண்டே போகுதா பாருங்கோ. இடையில திரும்ப 300க்கு ஏறினால் டிபக் டயலர் பாக்கெட் போட்டு எது ஏத்துது எண்டு பிடிச்சு, அதையும் டெனையில போடுங்கோ.