நாற்காலி இருக்கிறதா, இல்லையா?

கேள்வி: நாற்காலி, குடம் என்று எதுவும் உண்மையில் இல்லை என்று பௌத்தம் சொல்கிறதாமே? அப்படியானால் நான் உட்கார்ந்திருப்பது எதன் மேல்?

பதில்: தைரியமாக உட்காருங்கள், விழமாட்டீர்கள். கால், பலகை, சாய்மானம் எதையும் பௌத்தர்கள் பிடுங்கிக்கொள்ளவில்லை. இவற்றைத் தாண்டி 'முழு நாற்காலி' என்று தனியாக ஒரு பொருள் உண்டா என்பதுதான் சண்டையே. பௌத்தத் துறவி நாகசேனர் மிலிந்த அரசனிடம் கேட்டதும் இதுதான்: நீ ஏறி வந்த தேர் எது, அச்சா, சக்கரமா, நுகமா? எல்லாவற்றுக்கும் இல்லை இல்லை என்ற அரசன், கடைசியில் இவை சேர்ந்திருப்பதற்கு வைத்த பெயர்தான் தேர் என்று தானே ஒப்புக்கொள்கிறான்.

எதிர்த்தரப்பான நியாயம், வைசேஷிகம் என்ற இந்தியத் தத்துவப் பள்ளிக்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. நூல்களிலிருந்து துணி என்ற புதுப்பொருளே பிறக்கிறது, நூல் வேறு, துணி வேறு என்பார்கள். இதற்குப் பௌத்தத் தர்க்க அறிஞர் தர்மகீர்த்தி தரும் பதில் எனக்கு ரொம்பப் பிடிக்கும் (மனிதருக்குக் குறும்பு ஜாஸ்தி). உடம்பு ஒரே முழுப்பொருள் என்றால், கை மட்டும் ஆடும்போது அந்த முழு உடம்பு ஆடுகிறதா, சும்மா இருக்கிறதா? ஒரே பொருள் இரண்டையும் எப்படிச் செய்யும்? அப்புறம் எடை. துணி தனிப்பொருள் என்றால் நூல்களின் எடையோடு அதன் எடையும் சேர்ந்து, நெய்து முடித்ததும் தராசுத் தட்டு இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்க வேண்டும், இறங்குவதில்லையே.

சரி, பாகங்களாவது நிஜமா என்றால், அங்கே பௌத்தர்களே ஒருவரோடொருவர் மல்லுக்கட்டுகிறார்கள். பிரித்துக்கொண்டே போனால் கடைசியில் பிரிக்கவே முடியாத அணு நிற்கும், அதுதான் நிஜம் என்கிறது ஒரு தரப்பு. அந்த அணுவைச் சுற்றி ஆறு அணுக்கள் ஒட்டினால் அதற்கு ஆறு பக்கம் வந்துவிடுமே, பக்கம் உள்ளதை எப்படிப் பிரிக்க முடியாதது என்பீர்கள் என்று இன்னொரு பௌத்த அறிஞரான வசுபந்து மடக்குகிறார்.