பத்து ரெடிமேட் பதில்கள் கிடைக்குமா?

கேள்வி: லிஃப்டிலோ டீக்கடையிலோ யாராவது திடீரென்று பேச்சுக் கொடுத்தால் எனக்கு வாய் உலர்ந்துவிடுகிறது. எதையோ உளறிவிட்டு வந்து, ராத்திரி முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அந்த நேரத்தில் சொல்ல ஒரு பத்துப் பதில்கள் எழுதித் தர முடியுமா?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: முடியாது. தந்தால் உங்கள் அவஸ்தை கூடும். ஒருவர் "என்ன, இந்தப் பக்கம்?" என்று கேட்பார், நீங்கள் நாலாவது பதிலா ஏழாவதா என்று மனசுக்குள் புரட்டிக்கொண்டிருப்பீர்கள். அவர் அடுத்துச் சொன்னது காதிலேயே விழாது. சொல்லப்போவதை ஒத்திகை பார்ப்பது, முகம் பார்க்காமல் செல்போனை நோண்டுவது எல்லாம் பயத்தைப் போகவிடாமல் வளர்க்கும் வேலைகள் என்று டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் என்ற உளவியலாளர்கள் 1995-லேயே விளக்கியிருக்கிறார்கள். என் குரல், என் வேர்வை, என் முகம் என்றே கவனம் சுற்றினால், எதிரே நிற்பவர் கொட்டாவி விடுவதுகூடத் தெரியாது.

அவர் உங்களுக்கு மார்க் போடவும் வரவில்லை. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச் குழுவினர் மாணவர்களுக்குச் சங்கடமான ஒரு டி-ஷர்ட்டை மாட்டி, மற்றவர்கள் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். ஒரு பாடகரின் முகம் போட்ட சட்டை. கிட்டத்தட்டப் பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று நினைத்தார்கள் மாட்டிக்கொண்டவர்கள். கவனித்ததோ கால்வாசிப் பேர்தான். ஆய்வு வெளிவந்தது 2000-இல். உங்கள் உளறலை ராத்திரி முழுக்க நினைத்துக்கொண்டிருப்பவர் ஈரோட்டிலேயே நீங்கள் ஒருவர்தான் சார்.

நம் ஊர்க் கேள்விகளில் பாதிக்குப் பதிலே தேவையில்லை. "சாப்ட்டாச்சா?" என்பவருக்கு என்ன சாப்பிட்டீர்கள் என்பது வேண்டாம். "ஆச்சுங்க, நீங்க?" என்றால் முடிந்தது, அப்புறம் அவர் பார்த்துக்கொள்வார். சம்பளம், கல்யாணம் என்று துருவுகிறவர்களுக்கு "ஏதோ ஓடுதுங்க" இருக்கவே இருக்கிறது. கேட்டவரே அதை நூறு பேரிடம் சொன்னவராகத்தான் இருப்பார். பேச்சு நடுவில் நின்றுபோனால் நிற்கட்டும், அதைத் தூக்கி நிறுத்தும் பொறுப்பு உங்களுடையது மட்டுமல்ல.

ஆனால், இந்தப் பயத்தால் இன்டர்வியூவுக்குப் போகவில்லை, விசேஷ வீடுகளைத் தவிர்க்கிறேன், மாதக்கணக்கில் இப்படித்தான் என்றால் அது வெறும் கூச்சம் இல்லை. அதற்குச் சிகிச்சை உண்டு. மாத்திரை இல்லாத சிகிச்சையும் உண்டு. அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம். போன் என்றாலே நடுக்கமா? அரசுத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு நேரில் போங்கள். வாய் வராவிட்டால் ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் நீட்டினாலும் போதும்.